கோமதியின் பேக்கும் சாக்கும்

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி இருக்கும். அலுவலகத்தில் மிக்ஸி கையேடு ஒன்றில் ஒற்றுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ‘கோமதி’ என்று பெயர் வந்தது. முந்தின நாள் சாயங்காலம்தான் ஆஸ்பத்திரியில் அவளை ஆக்சிஜன் மாஸ்க்கோடு பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவளே கூப்பிடுகிறாள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. “ஏண்டி, மாஸ்க்கைக் கழட்டிட்டாங்களா? சொல்லவே இல்ல!” என்று கத்தினேன். ஓர் ஆண்குரல், “நான் கோமதியோட அண்ணன் தணிகாசலம் பேசறேம்மா” என்றது. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்குக் கோமதியைத் தெரியும். அவள் கொடுத்த புத்தகம் ஒன்றாவது உங்கள் வீட்டில் இருக்கும். சிலர் இன்னும் திருப்பித் தரவில்லை, அதுவும் எனக்குத் தெரியும். அவளைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குக்கர், மிக்ஸி, மின்விசிறி வாங்கினால் பெட்டிக்குள் பல மொழிகளில் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்களே, அதன் தமிழ்ப் பகுதியைப் பிழை திருத்துவது எங்கள் வேலை. பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ஒரு மாடி அறையில் பத்தொன்பது வருஷம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். நான் பெங்களூரிலேயே பிறந்தவள். அவள் வேலைக்காகத் திருவண்ணாமலையிலிருந்து வந்து லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறை வீடு பிடித்துக்கொண்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏதாவது ஒரு கேள்வி கேட்டால் அதற்கேற்ற அறிவியல் புத்தகத்தையோ விஞ்ஞானக் கதையையோ தேடிப் பிடித்துக் கையில் கொடுக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

ஒரு தடவை குக்கர் கையேட்டில், ‘விசில் வந்ததும் அடுப்பைக் குறைக்கவும்’ என்ற வரிக்குக் கீழே, விசில் ஏன் வருகிறது என்று மூன்று வரி சொந்தமாக எழுதிச் சேர்த்துவிட்டாள். மேலாளர் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். “சார், தினம் காதுல விழற சத்தம். அது ஏன்னு ஒரு தடவையாவது ஒருத்தர் சமைக்கிறவங்களுக்குச் சொல்ல வேணாமா?” என்று நின்றாள். மூன்று வரியும் நீக்கப்பட்டது. இரண்டு நாள் யாரோடும் பேசாமல், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தாள். மூன்றாம் நாள் நான் வாங்கிக்கொடுத்த மசால் தோசையைச் சாப்பிட்டாள்.

நல்ல புத்தகம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை என்பதை அவளோடு அலைந்துதான் தெரிந்துகொண்டேன். நடைபாதைக் கடைகளில் தமிழ் அறிவியல் என்று கேட்டால் பரீட்சைக் குறிப்புகளை எடுத்து நீட்டுவார்கள். இல்லாவிட்டால் கிரகங்களைக் காட்டிக் கல்யாணப் பொருத்தம் சொல்லும் ‘விஞ்ஞான’ நூல். அதனால் அத்திபெலேக்குப் போவாள். அங்கே ஒரு பழைய பேப்பர் கிடங்கில் ஓசூர்ப் பக்கத்திலிருந்து தமிழ்ப் புத்தகங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கிளறுவாள். “எல்லோரும் அறிந்ததேன்னு ஆரம்பிக்கிறான் பாரு, இவனுக்கே தெரியாது” என்று ஒன்றைத் தூக்கிப் போடுவாள். “வானத்தைப் பத்திப் படிச்சு முடிச்சதும் மொட்டைமாடிக்கு ஓடணும்னு தோணலேன்னா அது என்னடி புஸ்தகம்?” என்று இன்னொன்றை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் பக்கம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். அந்தத் தூசியை எல்லாம் நுரையீரலுக்குள் வாங்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். கேட்டால்தானே.

கொண்டுவந்த புத்தகத்துக்குக் கடைசிப் பரீட்சை பிலோமினாவிடம். லிங்கராஜபுரத்தில் கோமதி வீட்டுக்கு எதிரே தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறாளே, அதே பிலோமினாதான். வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடம். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோமதி வண்டி அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரக்கப் படிப்பாள். இஸ்திரிப் பெட்டி ஓடிக்கொண்டே இருந்தால் புத்தகம் தோல்வி. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பிலோமினா கேட்க ஆரம்பித்தால் வெற்றி. பிடிக்காவிட்டால் கன்னடத்தில், “சாக்கு, அக்கா” என்பாள், போதும் என்று அர்த்தம். பிடித்துவிட்டால், “பேக்கு, பேக்கு, இன்னும் படி” என்பாள். வேண்டும் என்று அர்த்தம்.

அந்த இரண்டு சொற்களைத்தான் கோமதி பென்சிலால் சீட்டில் எழுதிப் புத்தகங்களுக்குள் செருகி வைத்தாள். ஒற்றைக் ‘கு’ போட்டால் தமிழில் பேகு, சாகு என்று படித்துவிடுவார்கள், ஒற்று மிகவேண்டும் என்று எனக்குப் பாடம் வேறு எடுத்தாள். “சாகுன்னு எழுதினா எவனாவது புஸ்தகமே சாபம் விடுதுன்னு பயந்துடுவான்டி” என்று சிரித்தாள். பிழை திருத்துபவளின் புத்தி! அந்த ஒற்றை நினைத்து நான் இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

நுரையீரல் இனி தேறாது என்று தெரிந்த பிறகு, இரண்டு மாசமாக உட்கார்ந்து வீட்டிலிருந்த எல்லாப் புத்தகத்தையும் பிரித்தாள். இந்தச் சுவர் ஓரம் பேக்கு, எதிர்ச் சுவர் ஓரம் சாக்கு. ஒவ்வொன்றிலும் சீட்டு. பேக்குப் புத்தகங்களின் கடைசிப் பக்கத்தில், எந்த இடத்தில் வாசகர் தடுமாறுவார், அங்கே என்ன சொல்லிக் கைகொடுக்க வேண்டும் என்று பொடி எழுத்தில் குறிப்பு. “பேக்கு எல்லாம் உனக்கு. இனிமே நீதான் பிலோமினாவுக்குப் படிச்சுக் காட்டணும். சாக்கு எல்லாத்தையும் பேப்பர்காரனுக்குப் போட்டுடு” என்றாள். “வாயைக் கழுவு. நீயே படிப்ப” என்றேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க நான் விடவில்லை. அந்தச் சீட்டுகளுக்கு என்ன அர்த்தம் என்று அவளுடைய அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் தணிகாசலம் அண்ணன் கூப்பிட்டார். வீட்டுக்காரர் உடனே காலி செய்யச் சொல்கிறார் என்றார். “புஸ்தகத்துல எல்லாம் பாப்பா ஏதோ எழுதி வெச்சிருக்கும்மா. என்ன பண்ணட்டும்?” என்றார். அச்சுக்குப் போகவேண்டிய தாள் என் கையில் இருந்தது, மேலாளர் தலைக்கு மேல் நின்றார். “அதுல எழுதியிருக்கிறபடியே செஞ்சிடுங்கண்ணா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நான் சொன்னது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெரிய பைகளோடு போனேன். அறை கழுவிவிட்டதுபோல் இருந்தது. பதறிப்போய் அண்ணனைக் கூப்பிட்டேன். “பாப்பா சொன்னபடியே செஞ்சிட்டேம்மா. சாக்குன்னு எழுதினதை எல்லாம் சாக்குல கட்டி ஊருக்குக் கொண்டாந்துட்டேன். மூணு மூட்டை. சாமி படத்துக்குக் கீழ வெச்சிருக்கேன்” என்றார். “அப்ப இன்னொரு பக்கம் இருந்ததுண்ணா?” என்றேன். “பேக்குன்னு எழுதியிருந்துதே, அதானே? ஒண்ணுத்துக்கும் உதவாதவனைப் பேக்குன்னுதானே சொல்வோம். பாப்பாவே கழிச்சுக் கட்டினதுன்னு நினைச்சுப் பேப்பர்காரருக்குக் குடுத்துட்டேன்.”

அவரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. தங்கையைப் பறிகொடுத்து இரண்டு வாரம் ஆகாத மனுஷர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப நாந்தாம்மா பேக்கு” என்று சொல்லி உடைந்து அழுதார். நானும் அழுதேன். ஆனாலும் கோபம் தணியவில்லை. இதென்ன அநியாயம்! பத்தொன்பது வருஷம் தூசியைத் தின்று பொறுக்கியெடுத்தவை போய்விட்டன. அவள் வேண்டாம் என்று தள்ளிய குப்பை மூன்று மூட்டையாகக் கட்டி, குங்குமம் வைத்து, பூஜையில் இருக்கிறது.

லிங்கராஜபுரத்துப் பேப்பர்காரர், மூட்டைகள் அத்திபெலேக்குப் போய்விட்டன என்றார். பஸ் மாறி ஓடினேன். கோமதி கிளறிய அதே கிடங்கு. அங்கிருந்தவருக்கு அவளை நன்றாகத் தெரியும். விஷயத்தைச் சொன்னதும் உச்சுக் கொட்டினார். “அய்யோ, அந்த புக்கு மேடமா? மொதல்லயே சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனே மேடம். லோடு நேத்தே மில்லுக்குப் போயிடுச்சு. அங்க போனா அரைச்சுடுவாங்க” என்றார். நான் நம்பவில்லை. அவள் மாதிரியே மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு மிச்சமிருந்த குவியல்களை எல்லாம் புரட்டினேன். கை முழுக்கக் கீறல். அவளுடைய பென்சில் எழுத்து ஓரிடத்திலும் இல்லை. நாங்கள் இருவரும் பிழை பார்த்த ஒரு குக்கர் கையேடு மட்டும் கிடைத்தது. விசில் ஏன் வருகிறது என்று அதில் இல்லை.

எனக்கு எல்லாப் புத்தகமும் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. ஒன்று போதும். பழுப்புத் தாளில் அட்டை போட்டது. தலைப்பைச் சொன்னால் ஆட்கள் பயந்துவிடுகிறார்கள் என்று கோமதி எதற்குமே தலைப்புச் சொல்ல மாட்டாள், அதனால் எனக்கும் தெரியாது, பிலோமினாவுக்கும் தெரியாது. ஏதோ ஒரு கிரகத்தின் நிலாவில் பனியைக் குடைந்து கிணறு வெட்டும் ஒரு பெண்ணின் கதை. அவள் அடியாழத்தில் இருக்கும்போது மேலே கயிறு பிடித்திருந்தவர்களின் குரல் நின்றுபோகிறது. பிலோமினாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த இடத்தில்தான் இருமல் தாங்காமல் கோமதி புத்தகத்தை மூடினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உங்களில் யாராவது அந்தக் கதையைப் படித்திருக்கிறீர்களா? யாரிடமாவது இன்னொரு பிரதி இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், எங்கே என்றாலும் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் பிலோமினா ஒவ்வொரு வாரமும் கேட்கிறாள். “ரேவதிக்கா, அந்தப் பொம்பள மேல வந்தாளா இல்லியா?” போன ஞாயிறு தாங்க முடியாமல் நானே புளுகினேன். வந்துவிட்டாள், சுவரைப் பிடித்து ஏறி வந்துவிட்டாள் என்றேன். பிலோமினா இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. “ஐஸு வழுக்காதா? அம்மாம் நேரம் மூச்சு வுட காத்து ஏது?” என்றாள். இட்டுக்கட்டி என்னவோ உளறினேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்து, “சாக்கு ரேவதிக்கா, உடு. கோமதிக்கா இருந்தா கரெக்டா சொல்லும்” என்றாள். நான் ஸ்டூலை மடக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

இதுவரை அண்ணனைப் பற்றித்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. கடைசியாக அவளைப் பார்த்த அந்தச் சாயங்காலம், மாஸ்க் இருந்ததால் அவளால் பேச முடியவில்லை. விரலை ஆட்டிப் பென்சில் கேட்டாள். ஒரு துண்டுத் தாளில் நடுங்கி நடுங்கி ஒரே ஒரு சொல் எழுதி என்னிடம் நீட்டினாள். பேக்கு. “உன் பேக்கா? இந்தாடி, பத்திரமா என்கிட்டதான் இருக்கு” என்று மடியிலிருந்த அவளுடைய கைப்பையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் பையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பார்வை நேரம் முடிந்துவிட்டது என்று நர்ஸ் வந்தார். நாளைக்கு வருகிறேன் என்று அவள் நெற்றியைத் தடவிவிட்டுக் கிளம்பிவிட்டேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்கு உறைத்தபோது அண்ணனோடு போனில் கத்தி முடித்திருந்தேன்.

என்ன வேண்டியிருந்தது அவளுக்கு? தண்ணீரா, அந்தப் பழுப்பு அட்டைப் புத்தகமா, நான் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவதா? என்னடி வேணும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுதியிருப்பாள். பென்சில் அவள் கையில்தான் இருந்தது. அவள் எனக்கென்று வைத்த புத்தகங்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தத் துண்டுத் தாள் இருக்கிறது, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில். எழுத்து கோணியிருந்தாலும் ஒற்றைச் சரியாகப் போட்டிருக்கிறாள். மூச்சுக்கு அவ்வளவு திண்டாடிய நேரத்திலும் அவள் சாக்கு என்று எழுதவில்லை.