மூடிக்குள் ஒரு சந்தனப் பொட்டு

போன மாதம் என் வீட்டுக்காரருக்குக் காலில் புண். சர்க்கரை உடம்பு. செருப்பு கடித்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்து, கடைசியில் கத்தி வைக்கும்படி ஆகிவிட்டது. திருநெல்வேலியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தோம். தினமும் காலையில் ஒரு நர்ஸ் பிள்ளை தள்ளுவண்டியோடு கட்டு மாற்ற வருவாள். முதலில் கைக்கு மருந்து தேய்ப்பாள். பிறகு ஒரு காகித உறையை ஓரமாகக் கிழித்துப் புதுத் துணியை எடுப்பாள். அவள் கிழிக்கும்போதெல்லாம் என் மூக்கு என்னைக் கேட்காமலே அந்தப் பக்கம் போய்விடும்.

மூன்றாம் நாள் அவள் கேட்டே விட்டாள். "என்னம்மா, தெனமும் மோந்து பாக்கீங்க? நாத்தம் எதும் வருதா?"

"இல்லம்மா, சும்மாதான்" என்று பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"அவ அப்படித்தாம்மா. கோயில் பொங்கலக்கூட மோந்துட்டுத்தான் திம்பா" என்றார் வீட்டுக்காரர், படுத்த வாக்கிலேயே.

அவர் சொன்னதில் பொய் இல்லை. கல்யாண வீட்டில் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் தண்ணீர் குடிக்க மாட்டேன். யாராவது ஊசி போட்டுக்கொண்டால், உறை பிரிக்கிற சத்தம் என் காதில் விழ வேண்டும். வீட்டில் எனக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர். ஆனால் பாருங்கள், வாய் திறந்து ஒருவரையும் ஒன்றும் கேட்க மாட்டேன். கூச்சம். உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பேன். கேட்கிறவளுக்காவது ஒரு பதில் சொல்லி அனுப்பிவிடலாம், முறைத்துக்கொண்டு நிற்கிறவளை என்ன செய்வது என்று அந்த நர்ஸ் பிள்ளை நினைத்திருப்பாள்.

அந்த உறையில் எந்த வாசமும் இல்லை. என் காலத்துக் கட்டுத் துணிக்கு ஒரு வாசம் உண்டு. இட்லிக் கொப்பரையைத் திறந்ததும் ஈரத் துணியிலிருந்து வருமே, கிட்டத்தட்ட அது. பத்தாவது முடித்த கையோடு நான் பாளையங்கோட்டையில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். பத்துக் கட்டில், ஒரு டாக்டரம்மா. சுருளாக வாங்கிய வலைத்துணியை வெட்டி, நூல் பிரிந்து புண்ணுக்குள் போகாதபடி ஓரத்தை உள்ளே தள்ளி மடிப்பதுதான் எனக்கு முக்கியமான வேலை. மடித்ததை வட்டமான எவர்சில்வர் டிரம்முக்குள் அடுக்குவோம். டிரம்மின் பக்கவாட்டில் துளைகள் இருக்கும். துளைகளைத் திறந்து வைத்து ஆவியில் அவிப்போம். இறக்கியதும் ஒரு தகட்டை இழுத்துத் துளைகளை மூடி, மூடியின்மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதில் அவித்த தேதியை எழுதுவோம். பிளாஸ்டர் கிழியாமல் இருந்தால் உள்ளே இருப்பது சுத்தம் என்று அர்த்தம். கிழிந்துவிட்டால் அன்றைக்கே உபயோகித்து முடிக்க வேண்டும். மிச்சத்தைத் திரும்ப அவிக்க வேண்டும். உள்ளே கை விடவே கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். பத்தாவதோடு நின்ற எனக்கே புரியும்படியான சட்டம்தான்.

சட்டம் ஞானம் சிஸ்டருடையது. அங்கே முறைப்படி நர்ஸ் படிப்பு படித்தவள் அவள் ஒருத்திதான். ஊர் சாயர்புரம் பக்கம், கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட நாலைந்து வயது மூப்பு. ஒல்லி உடம்பு, சட்டென்று திரும்புகிற கழுத்து. நான் சந்தேகப்படுகிறேன் என்கிறார்களே, அவளைப் பார்த்திருக்க வேண்டும். காலையில் வந்ததும் கை கழுவுகிற இடத்துப் புதுச் சோப்பில் ஊசியால் ஒரு கோடு கீறி வைப்பாள். மத்தியானம் வந்து பார்ப்பாள். கோடு அழியாமல் இருந்தால் தொலைந்தோம்.

"சோப்பு கொமரியா இருக்கு. இன்னைக்கு ஒரு மூதியும் கை கழுவல. எல்லாவளும் கையக் கொண்டாங்கட்டீ இங்கன."

வரிசையாகக் கையை நீட்டுவோம். ஒவ்வொரு கையாக மோந்து பார்ப்பாள். ஒரு நாள் டாக்டரம்மாவே விளையாட்டுக்குக் கையை நீட்டினார்கள். ஞானம் சிஸ்டர் சிரிக்காமல் அதையும் மோந்து பார்த்தாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவள் ஊருக்குப் போயிருந்தாள். இரண்டு நாள் லீவு. பூஜை வேலை முழுவதும் ஆவுடையப்பன் அண்ணாச்சி கையில். வார்டில் ஆள் தூக்குவது, ஆக்ஸிஜன் உருளை மாற்றுவது எல்லாம் அவர்தான். நெற்றி நிறையத் திருநீறு, யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். முன்னறையில் மேஜை போட்டு டாக்டரம்மா காதில் மாட்டும் குழாய், பழைய கத்தரிக்கோல், பிள்ளை எடை போடும் தராசு எல்லாவற்றையும் பரப்பினார். அவித்து வைத்திருந்த டிரம்களில் இரண்டை என்னிடம் கேட்டார். கொடுத்தேன்.

"மூடி வெச்ச சாமானுக்கு என்னம்மா பூசை? சாமி உள்ள பாக்காண்டாமா? தொற."

"சிஸ்டர் வைவாங்க அண்ணாச்சி."

"அவங்க நாளக் கழிச்சுல்லா வருவாங்க. சாமி முன்னால என்ன அழுக்கு வந்து ஒட்டிரும்? தொறக்கியா, நான் தொறக்கட்டா?"

எனக்கு மறுபேச்சு வராது. பிளாஸ்டரைக் கிழித்தேன். அண்ணாச்சி சந்தனத்தில் விரலைத் தோய்த்து டிரம்முக்கு வெளியே ஒன்று, மூடிக்கு உள்ளே ஒன்று என்று பொட்டு வைத்துக்கொண்டே போனார். சாம்பிராணி போட்டார். பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். இரண்டு டிரம்மும் மறுநாள் காலை வரை வாயைத் திறந்துகொண்டு அங்கேயே இருந்தன. ஊதுபத்திச் சாம்பல், செவ்வந்தி இதழ், ஈ, எல்லாவற்றுக்கும் நடுவில்.

மறுநாள் அவற்றை என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சாமி முன்னால் ஒரு ராத்திரி முழுக்க இருந்த துணியைத் தூக்கித் திரும்ப அவிப்பது என்னவோ அபச்சாரம் மாதிரி இருந்தது. சாமியிடம் இருந்துவிட்டு வந்ததை அழுக்கு என்று எப்படிச் சொல்வது? மேலே கிடந்த இதழ்களைப் பொறுக்கினேன். வெளிப்பொட்டைத் துடைத்தேன். மூடினேன். புதுப் பிளாஸ்டர் ஒட்டி, கிழித்துப் போட்ட பிளாஸ்டரைப் பார்த்துப் பழைய தேதியையே எழுதினேன். என் கையெழுத்து பள்ளிக்கூடத்தில் நன்றாக இருக்கும் என்று பெயர். அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

லீவு முடிந்து வந்த சிஸ்டர் முதல் டிரம்மைத் திறந்து பேச்சியம்மாள் என்ற பெண்ணுக்கு வயிற்றுக் கட்டு மாற்றினாள். களக்காட்டுப் பெண். பூஜைக்கு முன்னால் ஆபரேஷன் செய்து ஆண் பிள்ளை எடுத்திருந்தார்கள். நான் பக்கத்தில் நின்று சிஸ்டர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நொடி அவள் கை நின்ற மாதிரி இருந்தது. பிறகு வேலையைத் தொடர்ந்தாள்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாளுக்குக் காய்ச்சல். தையல் ஓரம் சிவந்து, அழுத்தினால் சீழ் வந்தது. பால் கொடுக்கப் பிள்ளையைத் தூக்கவும் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். அதற்கு முந்தின நாள்தான் பக்கத்துக் கட்டிலில் இன்னொரு சின்னப் பெண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருந்தது. அவள் பேச்சியம்மாளைப் பார்த்துப் பார்த்துப் பயந்து அழுதாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிட்டது. ஞானம் சிஸ்டர் சோப்பைப் பார்த்தாள், தரை துடைக்கிற வாளியைப் பார்த்தாள், அண்ணாச்சியின் நகத்தைப் பார்த்தாள். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடைசியில் கட்டிலுக்கு அடியில் குனிந்தவள் ஒரு செம்பை எடுத்தாள். உள்ளே தண்ணீரும் ஒரு துணியும்.

"இது என்னது?"

பேச்சியம்மாளின் மாமியார் முன்னால் வந்தாள். "ஆத்துத் தண்ணிம்மா. காலைல கொக்கிரகுளம் படித்தொறைல குளிச்சிட்டுக் கொண்டாந்தேன். பச்ச ஒடம்பு, எரியுதுன்னா. சுத்தி வர ஒத்தி எடுத்தேன். அம்புட்டுத்தான்."

"கட்டுக்குப் பக்கத்துலயா? ஒங்களுக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு? மருமவளக் கொல்லணும்னு நெனச்சீங்களோ?"

"தாமிரவரணித் தண்ணி ஆரக் கொன்னிருக்கு தாயி?"

"வெளிய போங்க. இனும வார்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

அந்த அம்மாள் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். மகன் வந்தவன், "நீதானாம்மா பண்ணுன?" என்று கேட்டான். அவள் செம்பை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

எனக்கு என்ன இருந்தது என்றால், நிம்மதி. இதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன். அந்தச் செம்பைப் பார்த்ததும் அப்பாடா என்று இருந்தது. மற்றவர்களைவிட நான்தான் அந்த அம்மாளை அதிகமாகச் சந்தேகப்பட்டேன். ஆசையோடு சந்தேகப்பட்டேன்.

அந்த நிம்மதி கொஞ்ச நேரம்கூட நிலைக்கவில்லை. அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டும். "அந்த டிரம்ம எடு" என்றாள் சிஸ்டர். அலமாரியில் மிச்சம் இருந்தது பூஜையில் இருந்த இரண்டாவது டிரம். பிளாஸ்டர் கிழியாமல், என் அழகான கையெழுத்தோடு இருந்தது. எடுத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அந்தப் பெண் சேலையை விலக்கிக்கொண்டு தயாராகப் படுத்திருந்தாள். இரண்டு அடி நடந்தேன். பிறகு கையை விட்டுவிட்டேன்.

தவறி விழவில்லை. நான் விட்டேன். டிரம் பெரிய சத்தத்தோடு விழுந்து, மூடி கழன்று உருண்டு, துணியெல்லாம் தரையில் சிதறியது.

"ஏ மூதி! கையில என்ன வெண்ணெயா?" என்று ஓடி வந்த ஞானம் சிஸ்டர் மூடியைக் குனிந்து எடுத்தாள். அப்படியே நின்றாள். மூடியின் உள்பக்கம், நடுவில், காய்ந்து வெடித்த சந்தனப் பொட்டு.

"உள்ள எப்படிட்டீ பொட்டு வந்துது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். தேதியை எழுதினதையும் சொன்னேன். அறை வாங்கத் தயாராகக் கன்னத்தைக்கூடத் திருப்பி வைத்துக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்துச் சாமான் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். அவள் முகம்தான் வெளுத்திருந்தது.

"அன்னைக்கு மொத டிரம்மத் தொறந்தப்பவே எனக்குச் சந்தன வாசம் வந்துதுட்டீ" என்றாள். "நல்லா வந்துது. பூசைல வெச்சிருப்பீங்கன்னு தோணிச்சு. கேட்டா, வேதக்காரி நம்ம சாமி விஷயத்துல மூக்க நொழைக்கான்னு அண்ணாச்சி நெனப்பாரோ, நீங்கள்லாம் மொகத்தத் தூக்குவீங்களோன்னு... பேசாம இருந்துட்டேன். ஊருல உள்ளவ கையெல்லாம் மோந்து பாத்தேன். என் மூக்கு சொன்னத நான் கேக்கல."

இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரம்மாவிடம் போனோம். அவர்கள் திட்டியதை எழுத முடியாது. ஆஸ்பத்திரியில் இருந்த அத்தனை டிரம்மும் அன்றைக்கே திரும்ப அவிக்கப்பட்டன. இட்லிக் கொப்பரை வாசம் தெரு வரைக்கும் போனது. சின்னப் பெண்ணுக்குச் சாயங்காலம்தான் கட்டு மாறியது. அவள் காயம் ஒன்றும் ஆகாமல் ஆறியது. பேச்சியம்மாளுக்குத் தையலைப் பிரித்து, நாள்தோறும் கழுவி, மூன்று வாரம் ஆயிற்று. தழும்பு அகலமாக விழுந்துவிட்டது.

வேப்பமரத்தடிக்கு ஞானம் சிஸ்டர்தான் முதலில் போனாள். நான் பின்னால் நின்றேன். "எங்க பக்கமும் தப்பு இருக்கும்மா, உள்ள வாங்க" என்று நடந்ததைச் சொன்னாள். அந்த அம்மாள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பம் என் தண்ணில குத்தம் இல்லியே?"

"அது தெரியாதும்மா. தண்ணியோ, துணியோ. ரெண்டும் வேண்டாம்."

"சாமியும் வேண்டாம், ஆறும் வேண்டாம். நல்லா நடத்துதிய ஆஸ்பத்திரி" என்று எழுந்து உள்ளே போனாள். ஆனால் செம்பை மரத்தடியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

எதனால் சீழ் பிடித்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பஸ்ஸில் வண்ணார்பேட்டைப் பாலம் தாண்டும்போது, பாசியும் நுரையுமாகக் கிடக்கிற ஆற்றைப் பார்த்து, நீதானா என்று மனசுக்குள் கேட்பேன். கோயிலில் குருக்கள் சந்தனம் தந்தால் அதையும் ஒருமுறை பார்ப்பேன். பிறகு என் கையைப் பார்ப்பேன்.

அதற்குப் பிறகு நானும் ஞானம் சிஸ்டரும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். காலையில் டிரம்மை எடுக்கும் முன் அவள் என்னைக் கேட்பாள், "தொறந்தியா?" நான், "இல்ல சிஸ்டர்" என்பேன். அடுத்து நான் அவளைக் கேட்க வேண்டும், "நீங்க தொறந்தீங்களா சிஸ்டர்?" முதல் நாள் கேட்கும்போது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சத்தமாக் கேளுட்டீ, நான் என்ன மகாராணியா?" என்றாள். கல்யாணமாகி வேலையை விடும் வரை தினமும் கேட்டேன். என் வாழ்க்கையில் ஒருவரை நேருக்கு நேர் சந்தேகமாகக் கேட்டது அந்த ஒரு கேள்விதான்.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வேப்பமரம் இல்லை. ஞானம் சிஸ்டர் வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போனாள் என்றார்கள், பிறகு தகவல் இல்லை.

வீட்டுக்கு அனுப்புகிற நாளன்று அந்த நர்ஸ் பிள்ளை உறையைக் கிழிக்கும் முன் தானாகவே என் முன்னால் நீட்டினாள். "இந்தக் கோடு பாருங்கம்மா. நல்லா அவிஞ்சாத்தான் கறுப்பா மாறும். யாரும் தொறந்திருந்தா ஒட்டு பிரிஞ்சிருக்கும். இனும மோந்து பாக்காண்டாம்."

கோடு கறுப்பாகத்தான் இருந்தது. அதற்குக் கூச்சம் கிடையாது, அண்ணாச்சியிடம் பயம் கிடையாது, பழைய தேதியை எழுதத் தெரியாது. நல்ல கோடு. ஆனாலும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தொறந்தியாம்மா?" என்றேன்.

அவள் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, இப்பத்தான ஒங்க கையில காட்டுனேன்" என்று சொல்லிவிட்டு உறையைக் கிழித்தாள். பதிலுக்கு அவளும் என்னை ஏதாவது கேட்பாள் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை. தள்ளுவண்டி அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.