வக்கீலம்மா பிடித்த மஞ்சள் மாத்திரை

என் அண்ணி மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். தலைவலி மாத்திரை கேட்டுப் போனாலும், "வேற என்ன சாப்பிடுறீங்க?" என்று குடைந்த பிறகுதான் அவர் கை அலமாரிப் பக்கம் போகும். அவசரக்காரர்கள் எதிர்க் கடைக்கு ஓடிவிடுவார்கள். முதலாளிக்கு வயிற்றெரிச்சல். தெருவில் அண்ணிக்கு 'வக்கீலம்மா' என்று பெயர். நானும் அப்படிச் சொல்லிச் சிரித்தவன்தான்.

அந்தத் திமிரில்தான் தப்பு செய்தேன். என் அப்பா பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். இதய வால்வு மாற்றியதிலிருந்து, ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். முழங்கால் வலிக்கு நல்லதென்று யாரோ சொன்னதைக் கேட்டு, குவர்செடின் என்ற சத்து மாத்திரை வாங்கி வரச் சொன்னார். "அண்ணிகிட்ட போகாதடா, குறுக்கு விசாரணை பண்ணுவா" என்று எச்சரிக்கை வேறு. எதிர்க் கடையில் ஒரே நிமிடத்தில் வாங்கி வந்தேன். செடியிலிருந்து எடுத்ததுதானே, என்ன செய்துவிடப் போகிறது?

மூன்றாவது வாரம், அப்பா துப்பிய பற்பசை நுரையில் சிவப்பு. அதைப் பார்த்த அண்ணி நேராகப் போய் அப்பாவின் மாத்திரை டப்பாவைச் சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்தார். மஞ்சள் நிறத் தூள் அடைத்த புது மாத்திரை ஒன்று உருண்டு வந்தது.

"இது எப்ப வந்துச்சு மாமா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வெங்காயத்துலயும் ஆப்பிள்லயும் இருக்கிற சத்துதான் இது. கெட்டது இல்ல. ரத்த அழுத்தம் கொஞ்சம் குறையும், வீக்கத்துக்கும் உதவலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஆனா சாப்பாட்டுல வர்றது வேற, மொத்தமா அடைச்சு விழுங்குறது வேற. உங்க மாத்திரையோட சேர்ந்தா அதோட வேகம் கூடிடலாம். கிட்னிக் கோளாறு இருக்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறவங்க எல்லாம் டாக்டரைக் கேக்காம இதைத் தொடவே கூடாது."

பேசிக்கொண்டே செருப்பை மாட்டினார். "பழைய மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க மாமா. அதையும் டாக்டர்தான் சொல்லணும். கிளம்புங்க."

ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய ஆகும் நேரம் எல்லை தாண்டியிருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம். யாரு கவனிச்சது?" என்றார் டாக்டர். நான் அண்ணியைக் கை காட்டினேன்.

அப்பா யாரையும் வாய்விட்டுப் புகழ்ந்தவரில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட "பரவாயில்ல" என்றவர். வெளியே வந்ததும், வரிசையாக உட்கார்ந்திருந்த நோயாளிகள் முன் நின்றார். "எல்லாரும் பாத்துக்குங்க. இது என் மருமக. இவ இல்லன்னா இன்னிக்கு நான் இல்ல."

"மாமா, மெதுவா. ஆஸ்பத்திரி" என்று அண்ணி நெளிந்தார். எனக்கோ நெஞ்சு விம்மியது. இப்படி ஒருத்தர் எந்த வீட்டில் இருக்கிறார்?

ஓர் அம்மாள் தன் மருந்துப் பையை நீட்டினார். "இதையும் கொஞ்சம் பாக்குறியாம்மா?"

அண்ணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் இன்னும் இரண்டு பேர் பையோடு எழுந்தார்கள். அப்பா அவர்களை வரிசையில் நிறுத்த ஆரம்பித்தார்.

"அவசரப்படாதீங்க. என்ன கேட்டாலும் மறைக்காம சொல்லுங்க. நான் மறைச்சுப் பாத்துட்டேன்."