அப்பா வரக் கூடாது, மிஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரம்பலூரில் எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்காக ஃபுட்பால் லீக் ஆரம்பிக்கிறார்கள், பேர் கொடுக்க வரலாம் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. ஒன்பது வயதுக் கவினை எழுப்பி, குளிக்கவைத்து, மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம்.

கூட்டிக்கொண்டு போனோம் என்பது ஒரு பேச்சுக்குத்தான். முன்னால் வேகமாகப் போனவர் என் வீட்டுக்காரர். பின்னால் நான். எனக்கும் பின்னால், புது ஷூ கடிக்கிறது என்று முனகிக்கொண்டே கவின். ஆமாம், பேர் கொடுப்பதற்கு முன்பே ஷூ வாங்கியாகிவிட்டது. ஜெர்சியும்.

மைதானத்தில் வேப்பமரத்தடியில் ஒரு மேசை. அதன் பின்னால் கோச் நஸ்ரின் மேடம். தலையில் ஸ்கார்ஃப், கழுத்தில் விசில். காலேஜ் டீமில் ஆடியவராம். அவரைச் சுற்றி எங்களைப் போன்ற பெற்றோர் கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஓர் அப்பா, தன் மகனுக்குப் பத்தாம் நம்பர் ஜெர்சிதான் வேண்டும் என்று நின்றார். ஓர் அம்மா, "வெயில்ல ரொம்ப ஓட வுடாதீங்க மேடம், கறுத்துருவா" என்றார். வெயில் அடிக்காத பெரம்பலூரை அந்த மேடம் எங்கே போய்த் தேடுவார்? கோல்கீப்பர் மட்டும் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே கட்சி.

எங்கள் முறை வந்தது.

"பேரு?"

"கவின். ஃபார்வேர்டு" என்றார் என் வீட்டுக்காரர். பேரைக் கேட்டால் வேலையையும் சேர்த்துச் சொல்லிவிட்டார்.

நஸ்ரின் மேடம் குனிந்து கவினைப் பார்த்தார். "தம்பி, விளையாட ஆசையா இருக்கா?"

"அதெல்லாம் ரொம்ப ஆசைங்க மேடம். டீவியில மேட்ச் போட்டா எடத்த வுட்டு நகர மாட்டான்."

"அவன்ட்ட கேட்டேங்க சார்."

கவின் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "வேணாம் மிஸ்" என்றான்.

தெருவே நிற்கிறது பின்னால். என் வீட்டுக்காரர் சிரித்துச் சமாளித்தார். "வெக்கப்படுறான். நீங்க எழுதிக்குங்க மேடம்."

"வேணாங்கிற புள்ளய எழுத மாட்டேங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அப்பறம் பேசலாம்" என்றார் மேடம்.

ஓரமாக நின்றோம். பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அவசரமாக யாருக்கோ போன் செய்வது போல் கேட் பக்கம் போய்விட்டார். எதிர்முனையில் யாரும் இல்லை என்பது பத்து வருஷமாகக் குடும்பம் நடத்துகிறவளுக்குத் தெரியாதா?

கூட்டம் குறைந்ததும் நஸ்ரின் மேடம் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பந்தைக் கவின் பக்கம் உருட்டிவிட்டார். அவன் தயங்கி ஒரு உதை விட்டான். அவர் திருப்பி அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் மரத்தைச் சுற்றிப் பந்தோடு ஓடிக்கொண்டிருந்தான். சிரித்துக்கொண்டே ஓடினான். கடித்த ஷூ இப்போது கடிக்கவில்லை போலிருக்கிறது.

"இவ்ளோ ஆசையா ஓடுற. அப்பறம் ஏன்டா வேணாங்கிற?"

கவின் கேட் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னான். "அப்பா கத்துவாங்க மிஸ்."

"திட்டுவாங்களா?"

"திட்ட மாட்டாங்க. கத்துவாங்க. ஓடு, நில்லு, அடி, குடுன்னு எல்லாத்தயும் சொல்வாங்க. எதக் கேக்குறதுன்னே தெரியாது. எல்லாரும் என்னையவே பாப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பா வரக் கூடாது, மிஸ். வரலைன்னா நான் விளையாடுறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது.

என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலையில் வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, வீட்டில் உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவிலிருந்து கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். பிள்ளையை ஒரு அடி அடித்ததில்லை. அன்பும் அதே சத்தத்தில்தான் வரும்.

நஸ்ரின் மேடம் அவரைக் கூப்பிட்டார். "சார், தம்பி பேர எழுதிட்டேன். இன்ஷா அல்லாஹ், நல்லா வருவான். ஒரே ஒரு கண்டிஷன்."

"கோல்கீப்பராங்க?" என்றார் இவர் கலவரமாக.

"அதில்லீங்க. மேட்ச் நடக்குறப்ப நீங்க கிரவுண்டுக்குள்ள வரக் கூடாது. புள்ளயோட ஆசை."

நான் ஒரு சண்டையை எதிர்பார்த்தேன். அவர் கவினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரிங்க" என்றார். அவ்வளவுதான். வீடு வரும்வரை பேச்சே இல்லை. அவர் பேசாமல் வந்தால் ஊரே அமைதியாகிவிட்டது போல் இருக்கும்.

சாயங்காலம் வாசலில் நின்று கேட்டார். "ஏன்... நான் அவ்ளோவா கத்துறேன்?"

"ஆமா தம்பி" என்று பதில் வந்தது. சொன்னது நான் இல்லை. பக்கத்து வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ரமணி அக்கா.

அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாகக் குரலைத் தணித்துப் பேசினார். "ஸ்கூல்ல நான் ஓட்டப்பந்தயம் ஓடுவேன். எங்கப்பா ஒரு நாளும் வந்து பாத்ததில்ல. அவருக்கு வேல. எம் புள்ளைக்கு அப்படி இருக்கக் கூடாதுன்னுதான்..."

நமக்குக் கிடைக்காததைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறோம். அதையும் வட்டியோடு கொடுக்கிறோம். வாங்கிக்கொள்கிறவனுக்குக் கை வலிக்கிறதா என்று கேட்கிறோமா?

முதல் ஆட்டம் அரும்பாவூர்ப் பிள்ளைகளோடு, எங்கள் மைதானத்திலேயே. என் வீட்டுக்காரர் சொன்ன சொல் தவறவில்லை. எதிரில் இருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே சத்தம் எழுந்தால் என் போன் அடிக்கும்.

"யாரு கோலு?"

"அவங்க."

மறுபடி சத்தம். மறுபடி போன். "இப்ப?"

"இப்பவும் அவங்கதாங்க."

அதற்கப்புறம் சத்தம் கேட்டும் போன் வரவில்லை. பாவம், அவருக்கே புரிந்துவிட்டது.

தோற்ற பிள்ளை அழுதுகொண்டு வருவான் என்று காத்திருந்தேன். சட்டையெல்லாம் செம்மண்ணாக, "அம்மா, நான் ஒரு பந்தத் தடுத்தேன், பாத்தீங்களா?" என்று கேட்டபடி நேரே டீக்கடைக்கு ஓடினான். அப்பா எதிரில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் சொன்னான். யார் யாருக்குக் கொடுத்தார்கள், எங்கே வழுக்கினான், அந்த ஒரு பந்தை எப்படித் தடுத்தான். இவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் டீ ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் கவினே சொன்னான்:

"அடுத்த மேட்சுக்கு வேணா வாங்கப்பா. ஆனா வாயத் தொறக்கக் கூடாது."

அடுத்த மேட்ச் போன ஞாயிறு, உடையார்பாளையத்தில். டீமோடு வேனில் போனோம். இறங்கியதும் இவர் காணாமல் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய பொட்டலம், அந்தப் பக்கத்தில் விளைகிற முந்திரி, வறுத்தது. எதற்கு என்று ஆட்டம் தொடங்கியதும்தான் தெரிந்தது. கவின் பந்தை விட்டால் ஒரு முந்திரி. எதிரணி நெருங்கினால் இரண்டு. நடுவர் தப்பாக விசில் ஊதினால் ஒரு கைப்பிடி. கண் கலங்கும் அளவுக்கு மென்றார், ஆனால் சத்தம் வரவில்லை. இடைவேளையில் நஸ்ரின் மேடம் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். பதக்கம் வாங்கியவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு பக்கமும் கோல் இல்லை. முடிகிற நேரம். பந்து கவின் காலுக்கு வந்தது. எதிரே கோல்கீப்பர் மட்டும்தான்.

"அடிடா கவினு... சுத்திப் பாக்காத... வலது பக்கம்டா, வலது பக்கம்..."

மைதானமே திரும்பியது. கவினும் திரும்பினான். அந்த ஒரு நொடியில் எதிரணிப் பையன் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டான்.

"யாருங்க அது?" என்றார் நஸ்ரின் மேடம்.

எங்கள் டீம் பெற்றோர் அத்தனை பேரும், பழக்க தோஷம், என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் வாய் நிறைய முந்திரி. பேச வழியில்லை. இரண்டு கையையும் உயர்த்தி, தலையை ஆட்டி, மெதுவாக ஒரு விரலை நீட்டினார்...

என்னை நோக்கி.

ஆட்டம் டிராவில் முடிந்தது. வேனில் கவின் அவர் மடியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டான், என் பக்கம் திரும்பவே இல்லை. பாதி வழியில்தான், "அப்பா ஓகே. அம்மாவுக்குத்தான் சொல்லிவைக்கணும்" என்று அவரிடம் தீர்ப்பு சொன்னான். அவர் சிரித்தது டிரைவருக்கே கேட்டது.

அடுத்த ஆட்டம் பாடாலூரில். அங்கே என்ன கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்... வாயில் போட்டால் சீக்கிரம் கரையாத எதுவானாலும் சரி.