அத்தையின் மாங்காய்க் கரை

துபாயில் இருந்த சித்தப்பா லீவில் வந்தபோது எனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். சிலேட்டைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி, மேலே ரப்பர் பொத்தான்கள், அவ்வளவுதான். டிவியோடு சேர்த்தால்தான் அதற்குத் திரை, டேப் ரெக்கார்டரோடு சேர்த்தால்தான் ஞாபகசக்தி. சேவூரில் எங்கள் தெருவே வந்து பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று திரும்பிப் போனது. நானும் இரண்டு நாள் என் பெயரை அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் பாண்டி ஆடப் போய்விட்டேன்.

அதை விடாமல் பிடித்துக்கொண்டவள் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. ஆரணிக்குப் போய் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு, வீட்டில் பட்டு நூல் சுற்றிக்கொண்டு கல்யாணத்துக்குக் காத்திருந்தாள். காத்திருந்தாள் என்பது வீட்டாரின் கருத்து. பெட்டியோடு வந்த புத்தகத்தைப் படித்து, தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டாள். ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் கீழிருந்து ஒரு புடவைக் கரை வரிவரியாக ஏறி வரும். கரை முழுக்க மாங்காய். எங்கள் டிவி கறுப்பு வெள்ளை என்பதால் நிறங்களை வெறும் எண்களாகத்தான் அவள் எழுதினாள். அது என்ன நிறம் என்று கேட்டால், பச்சையில் சிவப்புக் கரை என்று நேரில் பார்த்ததுபோலச் சொல்லுவாள்.

அந்தப் பெட்டியிடம் ஒரு கெட்ட குணம் இருந்தது. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் அடித்ததைக் கேசட்டில் ஏற்றி வைக்க வேண்டும். பாட்டுக் கேசட்டுதான், ஏற்றும்போது கீச்சென்று காது கூசும் ஒரு சத்தம் பதிவாகும். பிறகு கேசட்டைப் பின்னால் ஓட்டி, திரும்பப் போட்டுக் காட்டினால், சரியாக ஏறியிருக்கிறதா என்று கம்ப்யூட்டரே சொல்லும்.

வேலூரில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிய ஒருவர் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார். அவரிடமும் இதே பெட்டிதான். சொந்தமாக எழுதிய ஒரு புரோகிராமைக் கேசட்டில் கொண்டு வந்து ஓட்டிக் காட்ட வேண்டும் என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். போளூரிலிருந்து ஒரு வரனும் அதே சமயத்தில் வந்திருந்தது. பெண் வேலைக்குப் போகக் கூடாது என்பது அவர்கள் முதலிலேயே சொன்ன நிபந்தனை.

"பொம்பளப் புள்ள தெனம் பஸ் ஏறி வேலூர் போய் வரணுமா? எனக்கு ஒண்ணும் சரியாப் படல," என்றார் அப்பா. "சரி, போய்ப் பாரு. கெடைக்கலன்னா போளூர்க்காரங்கள வரச் சொல்லிடுவேன். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சிகினு இருக்கக் கூடாது."

விஜயதசமிக்கு மறுநாள் வேலூர் போக வேண்டும். ஆயுத பூஜையன்று எந்தச் சாமானையும் தொடக் கூடாது என்பதால், விஜயதசமி காலையில்தான் அத்தை உட்கார்ந்து கடைசி வரிகளை அடித்து முடித்தாள். மாங்காய்கள் அழகாக ஏறி வந்தன. கேசட்டில் ஏற்றிச் சோதித்தாள். திரையின் அடியில் 'எரர்' என்று வந்தது.

சத்தத்தைக் கூட்டி ஏற்றினாள், எரர். குறைத்து ஏற்றினாள், எரர். ஒயர்களைப் பிடுங்கிச் செருகினாள். கேசட்டின் தொடக்கத்தில் ஒன்றும் பதியாத வெற்று நாடா கொஞ்சம் இருக்கும், அதைத் தள்ளிவிட்டு ஏற்றினாள். அதற்கும் அதே பதில்தான். பக்கத்து அறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, கையை நிறுத்தாமலே "இன்னா, ஆச்சா?" என்று நடுநடுவே கேட்டார். கிண்டல் செய்கிறார் என்று எனக்குக் கோபமாக வந்தது. எங்கள் பக்கத்துக் கரண்ட்டைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அது போனால் காலையிலிருந்து அடித்த அத்தனையும் போச்சு.

"கேசட்டு வீணாப் போயிருக்கும். வேற போட்டுப் பாக்கலாம்," என்றாள் அத்தை. வேறு என்றால் வீட்டில் இருந்தது முருகன் பாட்டுக் கேசட் ஒன்றுதான். அதில் பதிய முடியாதபடி மூலையில் ஒரு ஓட்டை இருந்தது. அத்தை தன் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிய்த்து அதை அடைத்தாள். முருகன் பாட்டை அழிப்பதற்கு முன் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று நான் அதை ஓட விட்டேன்.

"இன்னா அத்த, இவரு சளி புடிச்ச மாதிரி பாடறாரு?" என்றேன்.

அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வாரம் கணீரென்று பாடியவர் இன்று போர்வைக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தார். "கேசட்டு இல்லடி. டேப் ரெக்கார்டர்லதான் என்னமோ," என்று சொல்லி, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். நாடா உரசிக்கொண்டு போகும் பளபளப்பான சின்ன இரும்பின்மேல், காய்ந்த சந்தனம். அதன் நடுவே ஒரு துளி குங்குமம்.

எங்கள் வீட்டில் பூஜைக்குச் சந்தனம் வைப்பது அப்பாதான். வேறு யாரையும் விடமாட்டார். அதிலும் அவருக்கென்று ஒரு முறை உண்டு. சாமானின் மேல்புறத்தில் ஒப்புக்கு வைக்கமாட்டார். வேலை நடக்கும் இடத்தைத் தேடி வைப்பார். தறியில் சட்டத்துக்கு இல்லை, இழையை இழுத்துக்கொண்டு இங்குமங்கும் ஓடுகிற நாடாக் கட்டைக்கு. கத்தரிக்கோலில் பிடிக்கு இல்லை, வாய்க்கு. கடிகாரம், டிவி, ரேடியோ இவற்றுக்கெல்லாம் வைக்கவே மாட்டார். சோறு போடாத சாமானுக்குச் சந்தனம் எதற்கு என்பார்.

அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது, கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. பொருள் கெட்டுப்போன துக்கம் என்று நினைத்தேன்.

"அப்பாவைப் போய்க் கேக்கட்டா, ஏன் வெச்சன்னு?"

"வாணாம். சொன்னியோ, தோலை உரிச்சிடுவேன்," என்றாள் அத்தை மெதுவாக. "தெரிஞ்சா அண்ணனுக்கு மனசு ஒடிஞ்சிடும்."

பயந்துவிட்டாள், பாவம் என்று எனக்குப் பட்டது. ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றி, தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். பட்டில் பட்ட கறையை எடுக்க அம்மா வைத்திருந்த பெட்ரோலால் இன்னொரு தடவை துடைத்தாள். அது காயும்வரை விசிறச் சொன்னாள், விசிறினேன். அந்த முருகன் கேசட்டிலேயே ஏற்றிச் சோதித்தபோது திரையில் 'ஓகே' என்று வந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. அதைப் பற்றி இப்போது யாருக்கென்ன கவலை என்று இருந்தோம்.

மறுநாள் தறியை நிறுத்திவிட்டு அப்பாவும் வந்தார். தனியாக அனுப்ப முடியாதாம். நானும் தொற்றிக்கொண்டேன். வேலூரில் அந்த வகுப்பறையில் இருந்தது கலர் டிவி. முருகன் கேசட் ஓடி முடிந்ததும் அத்தை பொத்தானை அழுத்தினாள். பச்சை உடம்பில் சிவப்புக் கரை ஏற, அதில் மஞ்சள் மாங்காய்கள் ஒவ்வொன்றாக வந்து உட்கார்ந்தன. தான் போட்ட நிறத்தை அத்தையே அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தாள். அவள் கை என் தோளை அழுத்தியதை நினைத்தால் இன்றும் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

வகுப்பு நடத்துகிறவர், திங்கட்கிழமையிலிருந்து வர முடியுமா என்று கேட்டார். அத்தை அண்ணனைப் பார்த்தாள். அப்பா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கரைய இன்னும் ரெண்டு வெரக்கடை அகலமா வெச்சிருக்கலாம்," என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பி, "காலையில எத்தினி மணிக்குங்க இங்க இருக்கணும்?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் உட்கார்ந்து, போளூர்க்காரர்களுக்கு யார் மூலம் சொல்லியனுப்புவது என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். கண்ணமங்கலம் தாண்டியதும் நான் அத்தையின் காதில், "அப்பா தோத்துட்டாரு இல்ல?" என்றேன். அத்தை என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எதற்குக் கிள்ளினாள் என்று தெரியாமல் ஊர் வரும்வரை உம்மென்று இருந்தேன். வேண்டாம் வேண்டாம் என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அந்தப் பெட்டி தன் தங்கைக்குச் சோறு போடும் என்று எங்கள் எல்லோருக்கும் முன்பே முடிவு செய்திருந்தார் என்பதும், அந்த பஸ்ஸில் தோற்றுப்போனவர் யாருமே இல்லை என்பதும் எனக்கு அப்போது தெரியாது.