சுமைக்காரன் ஒதுங்குவதில்லை

மலையில் பிறந்தவனுக்கு ரோட்டில் நடக்கத் தெரியாது என்று அடிவாரத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ரோட்டில் போகிறவர்களுக்கு மலையில் நடக்கத் தெரியாது என்று நாங்கள் யாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை.

எங்கள் ஊர் மலைமேல் வாழவந்தி நாட்டில் இருந்தது. அப்போது மேலே போக ஒற்றையடிப் பாதைதான். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். அந்தப் பாதைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தலையில் சுமை வைத்திருப்பவன், முன்னாலோ பின்னாலோ ஆள் வரும் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிட வேண்டும். வெறுங்கையோடு வருகிறவன்தான் அவனைச் சுற்றிப் போக வேண்டும். சுமையோடு ஒதுங்கினால் கால் பிசகும், பிசகினால் பள்ளம். இதை யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.

அடிவாரம் இறங்கி சேந்தமங்கலம் ரோட்டில் கால் வைத்த பிறகும் எங்கள் ஆட்கள் இதையே செய்தார்கள். அதுதான் வினை. சந்தை நாளில் பலாப்பழமும் மிளகு மூட்டையும் சுமந்துகொண்டு ஒருவர் பின் ஒருவராக நடுரோட்டில் போவார்கள். பின்னால் ஹாரன் கேட்டால் வரிசை முழுவதும் நட்டு வைத்த கல்லாக நின்றுவிடும். அது உலகச் சண்டை நடந்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. முதுகில் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு முக்கி முனகி வரும் அந்த வண்டிக்கு, ஒருமுறை நின்றால் மறுபடி வேகம் பிடிப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். டிரைவர் தலையை வெளியே நீட்டி எங்கள் பாட்டன் பூட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டுவார். எங்கள் ஆட்கள் அசைய மாட்டார்கள். திட்டி முடித்ததும் சுற்றிக்கொண்டு போவார் என்று பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

நான் அந்த ரோட்டில் சைக்கிளில் போகிறவன். அடிவாரத்தில் ஒரு ராவுத்தருடைய மிளகு மண்டியில் எடை போடும் வேலை, சைக்கிளும் அவருடையதுதான். ஆகவே எல்லாப் பக்கத்து வசவும் எனக்கு வந்து சேர்ந்தது. பெல் அடித்தால் எங்கள் ஆட்கள் நிற்பார்கள், நான் போய் வாய்க்காலில் விழுவேன். மாட்டுவண்டிக்காரர் தூங்கிக்கொண்டே வருவார், மாடு என் சைக்கிளைப் பார்த்து மிரளும், கண் விழித்தவர் மாட்டை விட்டுவிட்டு என்னைத் திட்டுவார். பஸ் வந்தால் மண்ணில் இறங்கி புகையைத் தின்றுகொண்டு நிற்க வேண்டியவனும் நான்தான். அந்த ரோட்டில் யாரும் யாரையும் மனிதராக மதித்து நான் பார்த்ததில்லை.

என் பயமெல்லாம் அண்ணனைப் பற்றித்தான். அப்பா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் அவர். மரத்தில் ஏறி மிளகு பறிப்பதும், மூட்டையைத் தலையில் வைத்து மலை இறங்குவதும் அவர் ஒருவர்தான். அந்த இரண்டு கால்களை நம்பித்தான் மேலே அண்ணியும் குழந்தைகளும் இருந்தார்கள். சந்தை நாளில் அவர் மண்டிக்கு வந்து சேரும்வரை எனக்குத் தராசில் கண் நிற்காது.

"ஏனுங்கண்ணா, ஹாரன் கேட்டா எடது பக்கம் ஒதுங்கிக்கோங்க. உங்களக் கும்பிட்டுக் கேக்கறேனுங்க" என்பேன்.

"என்ற தலையில மூட்டை இருக்குது சாமி. அவன் நோகாம உக்காந்துட்டு வாரான். ஆரு ஒதுங்கோணும், நீயே சொல்லு."

நியாயம் அவர் பக்கம். பஸ் அந்த நியாயத்தைக் கேட்டுக்கொண்டு ஓடவில்லை. நானும் விடவில்லை. மண்டிக்கு முன்னால் மூட்டையோடு அவரை நடக்க வைத்து, பின்னாலிருந்து பெல் அடித்து அடித்துப் பழக்கினேன். "ஏம்ப்பா, மாட்டக்கூட இப்படிப் பழக்க மாட்டாங்களே" என்று ராவுத்தர் சிரித்தார். அண்ணன் முகம் சுருங்கிப் போயிற்று. ஆனாலும் எனக்காகப் பழகினார். முதலில் தலையில் சுருட்டி வைத்த சும்மாடு நழுவி மூட்டை கீழே விழுந்தது. பிறகு மெல்ல மெல்ல, சத்தம் கேட்டதும் கால் தானாக இடது பக்கம் போகத் தொடங்கியது.

அதே சமயத்தில் டிரைவரும் பழகிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஒரு சந்தை நாளில் பலாப்பழம் சுமந்த பெண் ஒருத்தி அசையாமல் நிற்க, அவர் பிரேக் போட்டு, பஸ்ஸில் இருந்தவர்கள் மண்டையை இடித்துக்கொண்டார்களாம். அதோடு அவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். இந்தச் சனங்கள் நகர மாட்டார்கள், நாம்தான் நகர வேண்டும் என்று முடிவு செய்தார். அது முதல் ஹாரன் அடித்துவிட்டு, வேகத்தையும் விடாமல், வண்டியை மண்ணில் இறக்கி அவர்களைச் சுற்றிப் போவார். வலது பக்கம் புளியமரமும் வாய்க்காலும் இருந்ததால் எப்போதும் இடது பக்கம்தான் இறக்குவார்.

அன்றைக்கு அண்ணனைப் பார்க்க நான் எதிரே சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். மூட்டையோடு அவர் வருவது தெரிந்தது. அவருக்குப் பின்னால் பஸ். ஹாரன் கேட்டது. அண்ணன் நிற்கவில்லை, அழகாக இடது பக்கம் ஒதுங்கினார். சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாரே என்று எனக்கு மனம் குளிர்ந்தது. அதற்குள் பஸ்ஸும் இடது பக்கம் இறங்கிவிட்டது.

அண்ணனுடைய இடுப்பு எலும்பு நொறுங்கிவிட்டது. உயிர் தப்பியது. இனி நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். டிரைவர் வந்து கட்டில் பக்கத்தில் நின்று அழுதார்.

"நீங்க நிப்பீங்கன்னு நம்பித்தானுங்க நான் ஒதுங்கிப் போனேன்."

"நானும் ஒதுங்கத்தானுங்க செஞ்சேன்" என்றார் அண்ணன்.

யாரையாவது வாய்க்கு வந்தபடி திட்டினால் தேவலை போலிருந்தது எனக்கு. திட்டுவதற்கு ஆள் கிடைக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த ரோட்டில் அன்றுதான் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டிருந்தார்கள். அந்த ரோட்டிலிருந்து நல்லது எதையும் அதன் பிறகு நான் எதிர்பார்த்ததில்லை.

ஊட்டுக்குப் போகோணும் என்பதைத் தவிர அண்ணன் வேறு எதுவும் கேட்கவில்லை. மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டி, எங்கள் நாட்டு ஆட்கள் இரண்டு பேர் முன்னும் பின்னுமாகத் தூக்கினார்கள். நான் பின்னால் நடந்தேன். பாதி மலையில், வளைவுக்கு அப்பால் யாரோ இறங்கி வருகிற பேச்சுச் சத்தம் கேட்டது. தூளிக்குள்ளிருந்து அண்ணன் பதறிக் கத்தினார்.

"ஆளு வருது, ஒதுங்குங்க! எடது பக்கம் ஒதுங்குங்க!"

இடது பக்கம் பள்ளம். அண்ணனுக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த பள்ளம். தூக்கியவர்கள் வழக்கப்படி நின்ற இடத்திலேயே நின்றார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள்; பாறையை ஒட்டி எங்களைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்கள்.

அவர்கள் போன பிறகும் அண்ணனுடைய கை தூளியின் விளிம்பைப் பிடித்து இடது பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது.