எழுமலையிலிருந்து எண்டோஸ்கோப்பி அறைக்கு

எண்பதுகளின் நடுவில், ஒரு கார்த்திகைச் செவ்வாய்க்கிழமை, எழுமலையில் நான் நடத்திவந்த கிளினிக்கைப் பூட்டிவிட்டு மதுரைக்குக் கிளம்பினேன். கூட வந்தவர் பேச்சியம்மாள், ஐம்பது வயதுப் பருத்திக்காட்டுக்காரர். மூன்று மாதமாக வயிற்று எரிச்சல். சோறு இறங்கவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது. என் மாத்திரைகள் கேட்கவில்லை. குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் வசதி மதுரையில் வந்திருந்தது. ஆனால் பெரிய டாக்டர் யாராவது பார்த்துப் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டும். அவரைப் பார்க்கவே ஆறு வாரமாகும். அதனால் நானே நேராக ஒரு கடிதம் எழுதிக்கொண்டேன்.

காலை 5.40க்கு பஸ். உசிலம்பட்டியில் மாறி, ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர். மதுரையில் இறங்கும்போது எட்டேகால். ஆளுக்கு ஐந்தரை ரூபாய். வழியில் கண்டக்டர் பேச்சியம்மாளுக்கு டீ வாங்கித்தர வந்தார். வெறும் வயிற்றோடு போக வேண்டும் என்று நான் தடுத்ததில் கண்டக்டருக்கு என்மேல் வருத்தம்தான்.

எண்டோஸ்கோப்பி டாக்டர் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"எம்.பி.பி.எஸ். டாக்டர் நேரா எழுதுறது இங்க வழக்கமில்லம்மா."

"நாலு வருஷமா இவங்களப் பாக்குறது நான்தான் சார். ஆறு வாரம் இவங்க தாங்க மாட்டாங்க."

அவர் கடிதத்தை மடித்து வைத்தார். பிறகு நர்சிடம் தயார் செய்யச் சொன்னார்.

குழாயைப் பார்த்ததும் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டு நீளமா உள்ள போகும்? நீங்க கூட நிப்பீகளா டாக்டரம்மா?"

நின்றேன். தொண்டை மரத்துப்போக மருந்து அடித்தார்கள். பத்து நிமிடத்தில் முடிந்தது. இரைப்பையின் அடிப்பக்கத்தில் ஒரு புண், விளிம்பு சரியில்லை. அங்கிருந்து எடுத்த சதைத்துணுக்கின் பரிசோதனையில் புற்றுநோய் என்று வந்தது, ஆனால் ஆரம்பநிலை. அறுவைசிகிச்சை செய்தார்கள். அடுத்த பருத்தி எடுப்புக்கு அவரே காட்டில் இறங்கினார்.

பரிசோதனை முடிவைச் சொன்ன அன்றைக்கே அந்த எண்டோஸ்கோப்பி டாக்டர் என்னிடம், "இனிமே உங்க லெட்டர் போதும், நேரா அனுப்புங்க" என்றார். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். ஊர் டாக்டரின் கையெழுத்துக்கு ஒரு கதவு திறந்திருந்தது. பிறகு பலரை அனுப்பினேன். பாதிப் பேருக்கு மேல் ஒன்றுமில்லை என்றே வந்தது. அதுவும் நல்ல சேதிதானே.

இந்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு: மருத்துவமனை சொன்ன நேரத்திலிருந்து எதுவும் சாப்பிடாதீர்கள். தொண்டை மரப்பு போகும்வரை தண்ணீர்கூட வேண்டாம். துணைக்கு ஒருவர் வரட்டும். எடை குறைந்து சோறும் இறங்காவிட்டால் நாள் கடத்தாமல், உங்களை வருஷக்கணக்காகப் பார்க்கும் டாக்டரிடமே கேளுங்கள்: "நீங்களே நேரா எழுதித் தர முடியுமா?"