வளைக்குள் இருப்பவள்

கடல் உள்வாங்கியதும் ஈடித் ரெனூஃப் பாறைமேல் குப்புறப் படுத்து, பாறை வளையின் வாயில் கன்னத்தை வைத்து, உள்ளே இருக்கும் கடல் விலாங்கிடம் பேச்சுக் கொடுப்பார். "என்னடி, சாப்டியா?" அதன்பிறகுதான் இரும்புக் கொக்கி பூட்டிய கழி உள்ளே போகும்.

வாரநாட்களில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். காலில் எப்போதும் முழங்காலளவு ரப்பர் காலணி. முன் இருக்கையில் நண்டு வாளி. அதற்கும் பெல்ட் போட்டிருப்பார்.

ஆங்கிலக் கால்வாயில் இருக்கும் எங்கள் ஜெர்சி தீவில் விலாங்கு வளைகள் குடும்பச் சொத்து. எங்கே இருக்கிறது என்று சம்பந்திக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். ஈடித்தின் வளையில் இருப்பது ஆள் நீளப் பெண் விலாங்கு. பல வருடங்களாக அது அவருடைய கொக்கிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. "அவ முட்டைபோட ஆழ்கடலுக்குப் போனா திரும்ப மாட்டா. அங்கேயே செத்துடுவா. அதுக்குள்ள பிடிச்சாகணும்" என்பார்.

போன செப்டம்பரில், தேவாலய விருந்துக்குத் தீவின் வழக்கப்படி சாமந்தி இதழ் தூவிய விலாங்கு சூப் வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இந்தமுறை கொக்கி போய்விடக்கூடாதென்று கழியில் கட்டிய கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். எங்கள் ஊரில் யாருமே செய்யாத காரியம் அது.

விலாங்கு கொக்கியைக் கவ்விப் பின்னால் இழுத்தது. தோள்வரை கை உள்ளே போயிற்று. கயிறு இறுகியது. கூட வந்திருந்த தம்பி கிளெமின் கத்தி வளைக்குள் இறுகிய அந்தக் கயிற்றுக்கு எட்டவில்லை. அதற்குள் கடல் திரும்பிவிட்டது. இங்கே அது நடந்து வராது, ஓடி வரும். கிளெம் அக்காவின் கால்களைப் பற்றி இழுத்தார்.

"காலை விடுடா மடையா. நீ இழுத்தா அவளும் இழுப்பா."

"தண்ணி வாய்க்கு வந்துடுச்சுக்கா."

"தெரியுது. பேசாம இரு."

ஈடித் கையை இன்னும் உள்ளே தள்ளினார். அசையாமல் கிடந்தார். உள்ளே இருந்தவள் மூச்சு விடுவது கழி வழியாகத் தன் உள்ளங்கையில் தட்டியதாகப் பிறகு சொன்னார். அலை ஒருமுறை தலையை மூடி விலகியது. உள்ளே பிடி தளர்ந்தது, கயிறு நெகிழ்ந்தது, கை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே நாய்த்தலை அளவு தலை ஒன்று வந்து, ஈடித்தின் விலாவை உரசியபடி, கரிய உடல் முடிவே இல்லாததுபோல் நீண்டு நீண்டு, ஆழத்துக்குப் போயிற்று. கிளெமின் கையில் கத்தி இருந்தது. அதை ஓங்க அவருக்குத் தோன்றவே இல்லை.

வளை இன்றுவரை காலிதான்.

விருந்தில் கடையில் வாங்கிய மீன்தான் சூப்பில் மிதந்தது. "விலாங்கு சாமந்திப் பூவா மாறிடுச்சோ?" என்று ஒரே கேலி. எவ்வளவு பெரிசு, காட்டு என்றார்கள். எங்கள் ஊரில் எல்லோரும் இரண்டு கையையும் விரித்து நீளம் காட்டுவார்கள். ஈடித் கைகளை வளைத்து, ஒருவரை அணைப்பதுபோல், அதன் பருமனைக் காட்டினார். பிறகு மெல்ல, மிக மெல்ல, கைகளைத் திறந்தார்.